செவ்வாய்க்கிழமை வண்டி

வாய்தோலோ, சவாயித் தீவு
10 மார்ச் 1997

கர்த்தருக்குள் பிரியமான தங்கை லோசாவுக்கு,

அக்கா சினிவா எழுதுவது. அவரும் நானும் நலம். நீயும் நம் லூபேயும் சுகமாயிருக்கக் காலை ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்கிறேன். அவர் போதகராயிருந்தும் சில நாள் மறந்துபோகிறார். நான் மறப்பதில்லை.

உன் வண்டி கொக்கோ வாங்க வந்துபோனதிலிருந்து இங்கே வேறு பேச்சில்லை. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நான் வேதம் வாசித்து முடிப்பதற்குள், “போதகரம்மா, உங்க தங்கச்சி வர்ற செவ்வாயும் வருவாங்களா?” என்று ஒருத்தி. “எடை போடும்போது நம்மளையே முள்ளைப் பாக்கச் சொல்றாங்க, போதகரம்மா, அப்படி ஒரு குணம்” என்று இன்னொருத்தி. நான் சிரித்துக்கொண்டேன். தங்கையைப் புகழ்ந்தால் அக்காவுக்குப் பெருமைதானே.

ஒரு சின்ன வருத்தம் மட்டும். ஐந்து வீடு போய்விட்டு ஆறாவதாக என் வீட்டுக்கு வந்தாய். நின்றபடியே அரைக் கோப்பை கொக்கோ குடித்தாய். விதவை பெலேயுபு வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து இரண்டு கோப்பை குடித்தாயாம். நான் கேட்கவில்லை, அவளே வந்து சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஏழு புது வெள்ளைத் தொப்பிகளைப் பார்த்தேன். என்னுடையது புயலுக்கு முந்தின தொப்பி. அதையெல்லாம் பார்க்கிறவள் இல்லை நான், கண்ணில் பட்டது. வருஷா வருஷம் முதல் கூடை கொக்கோ போதகர் வீட்டுக்கு வரும். இந்த வருஷம் இன்னும் வரவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் அப்படித்தான்.

லூபே சரியாகச் சாப்பிடுகிறாளா? மீனில் முள் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவாள், உனக்குத் தெரியுமோ என்னவோ. நீ அவளை அழைத்துப்போய் பதினான்கு மாதம் ஆகிறது. அவள் பாயை நான் இன்னும் சுருட்டவில்லை.

அன்புள்ள அக்கா,
சினிவா


ஆப்பியா
19 மார்ச் 1997

அன்பு அக்காவுக்கு லோசாவின் முத்தங்கள்.

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு லூபே சிரித்தாள், “பெரியம்மா கோபமா இருக்காங்க, ஆனா கோபம் இல்லைன்னு எழுதியிருக்காங்க” என்று. உன்னிடம் ஆறு வருஷம் வளர்ந்தவள் அல்லவா, உன் எழுத்தை என்னைவிட நன்றாகப் படிக்கிறாள்.

பெலேயுபு வீட்டுக்கு முதலில் போனது வேறொன்றுக்குமில்லை. அவள் முற்றத்தில் விதை காய்ந்துகொண்டிருந்தது, மலைப்பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவளும் நானும் என் வண்டிக்காரனுமாக ஓடி அள்ளினோம். அள்ளின களைப்பில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே நடந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் விலை சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “நீ குடுக்கறதைக் குடும்மா” என்றாள். “அப்படிச் சொல்லாதீங்க. பிடிக்கலைன்னா முடியாதுன்னு சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்” என்றேன். நம்ப முடியாமல் பார்த்தாள். இத்தனை வருஷமாக அந்த ஊரில் கொக்கோ வாங்குகிறவர் துயிலோமா ஒருவர்தான். அவர்தான் கடைக்காரர், ஊர்த்தலைவர்களில் ஒருவர், ஆலயத்தில் சபை மூப்பரும் அவர்தான். விதையை வாங்கிக்கொண்டு, தான் நினைத்த அளவு சர்க்கரையும் மீன் டப்பாவும் கொடுப்பார். அவரிடம் யார் முடியாது என்று சொல்வது? பெலேயுபு விதையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “முடியாது” என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே, அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா. நான் விலையைக் கூட்டினேன். மறுபடியும் முடியாது என்றாள், ருசி கண்டுவிட்டாள். மூன்றாவது தடவை இருவரும் ஒத்துப்போனோம். எனக்கும் லாபம்தான், மறைக்க மாட்டேன்.

இது பாவமா? அத்தானிடம் கேட்டு எழுது. நான் யாரையும் ஏமாற்றவில்லை, யாரையும் நிர்ப்பந்திக்கவில்லை. கோபிக்காதே, நம் ஆலயத்தில் ஞாயிறுதோறும் மூப்பர் எழுந்து எந்த வீடு எவ்வளவு காணிக்கை போட்டது என்று பெயர் பெயராக வாசிக்கிறாரே, அங்கே யாராவது முடியாது என்று சொல்ல முடியுமா?

பேருந்து ஓட்டுநரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன். வெள்ளைத் தொப்பி. நீ பார்த்த அந்த ஏழு தொப்பிகளையும்விட நல்லது.

உன் லோசா


வாய்தோலோ
6 ஏப்ரல் 1997

அன்புள்ள லோசாவுக்கு,

தொப்பி வந்தது. அழகாக இருக்கிறது. போட்டுக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் உன் பணத்தில் தொப்பி போடும்போது நானும் போட்டால், போதகர் வீடும் லோசாவின் கணக்கில்தான் என்பார்கள்.

நீ கேட்டதை அவரிடம் வாசித்துக் காட்டினேன், காணிக்கையைப் பற்றின வரியை மட்டும் விட்டுவிட்டு. “லோசா நேர்மையானவ. நேர்மையா வாங்கி விக்கறதுல என்ன பாவம்?” என்றார். உடனே அப்படிச் சொல்லிவிட்டார். என் கேள்வி எதற்கும் அவர் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை.

நான் அவரைப்போல் படித்தவள் இல்லை. ஆனால் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். முன்பு ஒரு வீட்டில் மீன் அதிகமானால் பக்கத்து வீட்டுக்குப் போகும். இப்போது முதலில் கைவிரலை மடக்கி யோசிக்கிறார்கள். போன வாரம் பெலேயுபுவின் அண்ணன் வீட்டில் சாவு. வந்தவர்களுக்குக் கொக்கோ காய்ச்ச அவளிடம் ஒரு பிடி இல்லை. எல்லாம் உன் மூட்டையில். அவள் வெட்கத்தோடு துயிலோமா கடையில் தேயிலை வாங்கினாள். நாளை அவள் நோயில் படுத்தால் உன் தராசு வந்து கஞ்சி வைக்குமா? நான்தான் வைக்க வேண்டும்.

ஆதிச் சபையில் எல்லாரும் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்தார்கள் என்று வேதத்தில் படிக்கிறோம். அங்கே யாரும் மூன்று தடவை முடியாது என்று சொல்லி விலை ஏற்றியதாக நான் படிக்கவில்லை.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். நீ ஆக்லாந்திலிருந்து மூன்று மாதக் குழந்தையோடு வந்து இறங்கினபோது, புருஷன் எங்கே என்று ஊர் கேட்டபோது, என் பாயில் இடம் கொடுத்தேன். பிள்ளையில்லாத என் கையில் லூபேயைக் கொடுத்தாய். “இனி இவ உன் மக அக்கா” என்றாய். நம் வழக்கத்தில் கொடுத்ததைக் கேட்கிறதில்லை. தொழில் நிமிர்ந்ததும் வந்து, “பள்ளிக்கூடம் ஆப்பியால நல்லா இருக்கு” என்று கூட்டிக்கொண்டு போனாய். நீ அவளை எனக்கு விற்றிருந்தால் திரும்ப வந்து கேட்டிருக்க மாட்டாய் லோசா. அந்த அளவுக்கு உன் சந்தையில் நேர்மை உண்டு.

வருத்தப்படாதே. இருமலுக்கு மருந்து அனுப்பினால் நல்லது, அவருக்கு.

சினிவா


ஆப்பியா
8 மே 1997

அக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆயிற்று. கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு எத்தனையோ தடவை பேனா எடுத்தேன். நீ சொன்னதில் தப்பில்லை. லூபேயை விட்டு என்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதை உன்னிடம் நேரில் வந்து அழுது சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தைச் சாக்காகச் சொன்னேன்.

இப்போது எழுதுவது அவசரம். செவ்வாய்க்கிழமை என் வண்டியை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டார்கள். குறுக்கே மரம் போட்டு ஆறு ஆண்கள் நின்றார்கள். “ஊர்ச்சபை முடிவு. வெளியாள் யாரும் உள்ள வந்து வாங்கக்கூடாது” என்றார்கள். நான் வெளியாளா? அந்த மண்ணில்தானே நம் அம்மாவை அடக்கம் பண்ணினோம்? “யார் கேட்டு முடிவு பண்ணீங்க?” என்றேன். ஒருவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, “போதகர் வீட்டுக்கு மனசு சரியில்லையாம்” என்றான்.

நான் நம்பவில்லை. அத்தான் அப்படிச் செய்கிறவர் இல்லை. துயிலோமா தன் வியாபாரத்துக்காக உங்கள் பெயரை இழுத்திருப்பார்.

பெலேயுபு செய்ததைக் கேள். மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு, அந்த வெயிலில், எல்லை தாண்டி அடுத்த ஊர்ப் பாலம் வரை நடந்து வந்தாள். நான் வாங்கினேன். திரும்பிப் போகும்போது பிடித்துவிட்டார்கள். ஒரு பெரிய பன்றி அபராதம். அவளிடம் இருந்ததே ஒன்றுதான்.

அக்கா, அத்தானிடம் பேசு. அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஊர்ச்சபை கேட்கும். எனக்காக வேண்டாம், மற்ற ஊர்களில் எனக்கு விதை கிடைக்கும். அவர்களுக்காகக் கேள். உன்னைவிட்டால் எனக்கு அங்கே யார்?

லோசா

இருமல் மருந்து பெட்டியில் இருக்கிறது. இரவில் ஒரு கரண்டி மட்டும்.


வாய்தோலோ
15 மே 1997

அன்புள்ள தங்கைக்கு,

கடிதமும் மருந்தும் வந்தன. ஸ்தோத்திரம்.

நீ எழுதின விஷயம் ஊர்த்தலைவர்களின் முடிவு. போதகர் வீடு ஊர்ச்சபைக் காரியத்தில் தலையிடுவதில்லை, உனக்கே தெரியும். யார் என்ன சொன்னார்களோ எனக்குத் தெரியாது. அவருக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் இதைச் சொல்லிச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. எல்லாம் கர்த்தர் நடத்துகிறபடி. நீயும் ஓடி ஓடி இளைத்திருக்கிறாய், கொஞ்சம் ஓய்வாக இரேன்.

விடுமுறைக்கு லூபேயை அனுப்பி வை. ஈரப்பலா காய்த்திருக்கிறது.

சினிவா


ஆப்பியா
29 மே 1997

அன்பு அக்காவுக்கு,

நீ சொன்னால் சரி. அத்தானைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவர் பெயரை இழுத்தவர்களை நானே மனதில் மன்னித்துவிட்டேன்.

லூபே வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறாள். பேருந்து ஓட்டுநரின் மனைவி துணைக்கு வருகிறாள். மூன்று வாரம் வைத்துக்கொள், நான்கு வேண்டுமானாலும். அவள் பையில் துணிகளைவிட உனக்குக் காட்ட எடுத்துவைத்த படங்கள்தான் அதிகம்.

என் தராசு கஞ்சி வைக்காது, ஒப்புக்கொள்கிறேன். சாவு வீட்டுக்குக் கொக்கோ இல்லாமல் பெலேயுபு வெட்கப்பட்டது என் மனதை அறுக்கிறது. இனி வாங்கும்போது வீட்டுக்கு ஒரு கூடை ஒதுக்கிவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன், மறுபடி வாங்க விட்டால். ஆனால் துயிலோமா இப்போது பழைய விலையிலும் பாதிதான் கொடுக்கிறாராம். போட்டிக்கு ஆளில்லை, எதற்குக் கொடுப்பார்? நான் இரக்கமுள்ளவள் என்பதால் கூடக் கொடுக்கவில்லை அக்கா. அவரும் நானும் இருவரும் வாசலில் நின்றால்தான் பெலேயுபு நிமிர்ந்து உட்கார முடியும். எனக்குத் தெரிந்த வேதபாடம் அவ்வளவுதான்.

லூபேக்கு மீனில் முள் எடுத்துக் கொடு. நான் எடுத்தால் சரியில்லையாம்.

உன் லோசா


வாய்தோலோ
23 ஜூன் 1997

என் தங்கை லோசாவுக்கு,

லூபே நாளை புறப்படுகிறாள். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுக்காமல் தபாலில் போடுகிறேன். இதை அவள் கையால் உன்னிடம் தரக் கூடாது.

நேற்று ஆராதனையில் துயிலோமா எழுந்து காணிக்கை வாசித்தார். பெயர், தொகை, பெயர், தொகை. பெலேயுபுவின் பெயர் வந்ததும் நிறுத்தி, எல்லாருக்கும் கேட்க, “ஒன்றுமில்லை” என்றார். அவள் எழுந்து நின்றாள். அந்த ஆலயத்தில் ஒரு பெண் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

“எங்கிட்ட இருந்துச்சு. வாங்க வந்தவள விரட்டினீங்க. பன்றியையும் புடிச்சுக்கிட்டீங்க. இப்ப ஒன்னுமில்லைன்னு கர்த்தருக்கு வாசிச்சுக் காட்டுறீங்களே, அவருக்குத் தெரியாதா?”

பிறகு என் கணவரைப் பார்த்து, “போதகரே, உங்க மனசு சரியில்லாம போகிற அளவுக்கு நான் என்ன தப்பு செஞ்சேன்?” என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெபித்து ஆராதனையை முடித்துவிட்டார். மதியம் சாப்பாட்டுப் பாயில் என்னிடம் கேட்டார்:

“நான் அப்படி எப்ப சொன்னேன்?”

நான் அவர் தட்டில் இன்னும் ஒரு சேம்பை வைத்தேன்.

“நீ சொன்னியா சினிவா?”

லூபே கையில் சேம்பை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “பெரியம்மா, எங்க அம்மா வண்டி வரக்கூடாதுன்னு நீங்களா சொன்னீங்க?”

ஆமாம் லோசா. நான்தான். ஏப்ரல் மாதம் துயிலோமா வந்து, போதகர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். “அந்த வண்டி வந்ததிலிருந்து அவருக்கு மனசே சரியில்ல” என்றேன். ஒரு வாக்கியம். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் சொன்னேன். நீ கேட்டபோது தெரியாது என்று எழுதினேன். நீ நம்பினாய். நம்பி, லூபேயையும் அனுப்பினாய். அவள் பை திறந்து படம் படமாக எடுத்து வைத்தபோதுகூட நான் சொல்லவில்லை.

ஏழைகள் மேலுள்ள கரிசனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆதிச் சபையைக் காட்டினேன். உண்மை இதுதான்: அவர்கள் உன் பெயரைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சம் என் வயிற்றை எரித்தது. இருபது வருஷமாக நான் நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோகிறேன், அந்த முகத்தை எனக்கு யாரும் காட்டியதில்லை. நன்றி சொல்வார்கள், குனிந்துகொண்டு. உன்னிடம் நிமிர்ந்து பேரம் பேசினார்கள், சிரித்தார்கள். ஊர் உனக்கு, என் கணவரின் நல்ல வார்த்தை உனக்கு, பிள்ளையும் உனக்கு. எனக்கு வெறும் மரியாதை.

அவர் சாப்பிடாமல் எழுந்தார். “சந்தைல பொய் சொல்லாம விலை பேசறவ மேல கர்த்தருக்குக் கோபமில்ல சினிவா. அவர் பேரைச் சொல்லி இன்னொருத்தி வாசலை அடைச்சோமே, நான் அதுக்குத்தான் பயப்படறேன்” என்றார். “அடைச்சோம்” என்றார், “நீ அடைச்சே” என்று சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. இன்று காலை ஊர்த்தலைவர்களிடம் போய், அது தன் வார்த்தை அல்ல, தன் வீட்டில் பிறந்த பொய் என்று சொன்னார். தடை நீங்கிவிட்டது. எங்கள் பன்றியைத் தானே ஓட்டிக்கொண்டுபோய் பெலேயுபு வீட்டில் கட்டினார். இனி காணிக்கையில் பெயர் வாசிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். துயிலோமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. காணிக்கையில் எங்களுக்கு வருவது குறையும். குறையட்டும்.

லூபே என்னோடு பேசவில்லை. ஆனால் நேற்று மாலை மீனைத் தட்டோடு என் பக்கம் நகர்த்தினாள். முள் எடுத்துக் கொடுத்தேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதுகிறேன். மன்னித்துவிடு. செவ்வாய்க்கிழமை வண்டியோடு வா. என் வீட்டுக்கு ஆறாவதாகவே வா.

சினிவா


வாய்தோலோ
29 ஜூலை 1997

அன்புள்ள லோசாவுக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. பேருந்து ஓட்டுநரிடம் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். “கடிதம் எதுவும் இல்லைங்க போதகரம்மா” என்று பாவமாகச் சொல்கிறான்.

இன்று உன் வண்டி வந்தது. சத்தம் கேட்டதும் பிள்ளைகளுக்கு முன்னால் நான் ஓடினேன். முன் இருக்கையில் நீ இல்லை. கொள்முதலுக்குப் புதிதாக ஒரு பெண்ணை வைத்திருக்கிறாய். கெட்டிக்காரி. “வீட்டுக்கு ஒரு கூடை ஒதுக்கிட்டீங்களா?” என்று எல்லாரிடமும் கேட்டாள். பெலேயுபு ஒரு தடவைதான் முடியாது என்றாள், விலை அவ்வளவு நன்றாக இருந்தது. துயிலோமாகூட விதைக்குத் தான் கொடுக்கும் விலையை ஏற்றிவிட்டார். நீ சொன்னது நடந்தது. நான் பார்த்தேன்.

எங்கள் வீட்டுப் பின்னால் உள்ள எட்டுக் கொக்கோ மரத்து விதையைக் காயவைத்து வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். போதகரம்மாவுக்கு முன்னால் இடம் விட்டார்கள். வேண்டாம் என்றேன். என் முறை வந்தது. அவள் எடை போட்டாள், என்னையும் முள்ளைப் பார்க்கச் சொன்னாள். எல்லாருக்கும் கொடுத்த அதே விலையைக் கொடுத்தாள். ஒரு காசு குறையவில்லை, ஒரு காசு கூடவில்லை.

“நான் லோசாவோட அக்கா” என்றேன்.

“தெரியும்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரி போடணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.”

“வேற ஏதாவது சொல்லி அனுப்பினாளா?”

அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள், ஏதாவது இருந்துவிடாதா என்பதுபோல. நல்ல பெண். “இல்லைம்மா” என்றாள்.

நான் குறை சொல்லவில்லை லோசா. நான் உனக்குச் செய்ததற்குப் பிறகு முழு நியாயம் செய்திருக்கிறாய். அவரிடம் சொன்னேன். “நியாயத்துக்கு மேல ஒன்னு கேக்கணும்னா அதைக் கெஞ்சித்தான் கேக்கணும்” என்றார்.

அதனால் கெஞ்சுகிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமையும் வரிசையில் நிற்பேன். என்னிடம் விற்க ஒன்றும் இருக்காது.

உன் அக்கா,
சினிவா